நாற்பதாம் நாள் ஹோரோ

என் மனைவி வெலிகாவைப் புதைத்தபோது நான் காரில் உட்கார்ந்திருந்தேன். பெண்டாட்டி அடக்கத்துக்கே ரங்கெல் வரவில்லை என்று ஊரே என்னைப் பேசியது. வராமல் என்ன, கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் வந்தேன். அங்கே கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கின்சன் வந்தவனுக்கு வாசல்படியைப் பார்த்தாலே கால் பிரேக் போட்டுவிடும். முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், இந்தப் பிரேக்கை எடுக்க மட்டும் தெரியவில்லை. மருமகன் டிமோ என்னைத் தூக்கிக் காரில் உட்கார வைத்துவிட்டு ஓடினான். மண் போட்டு முடித்துவிட்டுத்தான் எல்லோரும் திரும்பினார்கள்.

அழுகையும் வரவில்லை. இந்த வியாதி முகத்தை இறுக்கிவிடும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் உள்ளேயும் மரத்துப்போய்த்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் வாசகசாலைக் கூடத்தில் என்னைப் போன்ற பத்துப் பேருக்கு ரலிட்சா என்ற பெண் ஹோரோ ஆட்டம் சொல்லித்தருவாள். கைகோத்து வரிசையாக, மூன்றடி முன்னே, ஓரடி பின்னே. தாளம் விழுந்தால் ஒட்டிய கால் தானாகப் பிரிந்துவிடும். நடக்க முடியாத நாங்கள் ஆடுவோம், வேடிக்கைதான். எனக்கு நடுங்குவது இடது கை. வெலிகா வியாதி இல்லாதவள், எனக்காக வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடித்தால்தான் அது நிற்கும்.

அவள் போன மறுவாரம் வகுப்புக்குக் கிளம்பினேன். அவள் தங்கை ஸ்டாங்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கறுப்பு கட்டின வீட்டுல ஹோரோவா? வருஷம் திரும்பற வரைக்கும் ஆட்டமும் கிடையாது, பாட்டும் கிடையாது. செத்தது என்ன பூனைக்குட்டியா? எங்கக்கா!"

"ஆட்டம் இல்ல ஸ்டாங்கா, அது மருந்து."

"மருந்துன்னா மாத்திரைய முழுங்குங்க. அடக்கத்துக்கு வராத காலு, ஆடறதுக்கு மட்டும் வருதாக்கும்!"

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பை விட்டுவிட்டேன். நாலே வாரத்தில் கக்கூஸ் கதவைத் தாண்டக் கால் மணி நேரம் ஆயிற்று. மனதில் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பதாம் நாள் ஜெபத்துக்காவது அவளிடம் என் காலால் போய் நிற்க வேண்டும்.

நாற்பதாம் நாள் அதே வாசலில் அதே கால் ஒட்டிக்கொண்டது. பாதிரியார் கல்லறைப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். டிமோ காரிலிருந்து சக்கர நாற்காலியை இறக்கினான்.

"மாமா, பிடிவாதம் பண்ணாதீங்க. உக்காருங்க."

"என்னை அதுல வெச்சுத் தள்ளணும்னா நான் செத்தப்புறம் தள்ளுங்க, மாப்ள."

செத்தவர்களுக்குப் படைக்கிற அவித்த கோதுமைக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஸ்டாங்கா கிட்டே வந்தாள். என் முழங்கால் உதறுவதையும், சட்டை வேர்வையில் நனைந்திருப்பதையும் பார்த்தாள்.

"நெஜமாவே வரலியா, அத்தான்?"

"வரல."

"அன்னிக்கும் இப்படித்தானா?"

"இப்படியேதான்."

கிண்ணத்தை டிமோவிடம் கொடுத்தாள். என் வலது கையைப் பிடித்தாள். அக்கம்பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, வாயை மூடியபடியே முனக ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிற ஹோரோ மெட்டு! தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில். கூட வந்திருந்த பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"என்னடி பார்வை? மருந்து குடுக்கறேன்" என்று அவர்களை ஒரு அதட்டு அதட்டிவிட்டு மெட்டைத் தொடர்ந்தாள்.

கால் பிரிந்தது. மூன்றடி முன்னே, ஓரடி பின்னே. சிலுவைகளுக்கு நடுவே அப்படியே போனோம். பாதிரியார் நகர்ந்து வழிவிட்டார்.

மண்மேட்டின் முன்னால் மெட்டு நின்றது. கோத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் இடது கையை இடுப்பில் வைக்க வேண்டும் என்பது ரலிட்சாவின் பாடம். என் கை அங்கே போகவில்லை. பக்கத்தில் யாரோ பிடித்துக்கொள்ளப் போவது போல நீண்டு நின்று நடுங்கியது.

ஸ்டாங்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூடவே வந்த டிமோவின் கையிலிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு பிடி கோதுமையை அள்ளி அந்த உள்ளங்கையில் வைத்தாள். கை உதறிய உதறலில் அத்தனையும் மண்மேட்டில் சிதறியது.

"போதும் அத்தான், கையை நிறுத்துங்க."

"நிறுத்தறவ கீழ இருக்கா" என்றேன்.