சலவைக் கடைக்குப் போன தேர்வு முடிவு

"அந்த ஆறு நம்பரை மனசுல வச்சுக்கிட்டு வந்து அடிக்கிறதுக்குள்ள பாதி மறந்துடுதாம். நம்பர் தானா வந்து உட்காரணும்கிறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்டார் முதலாளி.

டயர் கடையின் மாடியில் ஐந்து பேர் உட்கார்ந்து செயலி எழுதும் அலுவலகம் அது. அப்போது கையில் இருந்தது ஒரு சலவைக் கடையின் செயலி. துணியை வாங்கிக்கொள்ள வாடிக்கையாளருக்கு ஆறு இலக்க ஓடிபி குறுஞ்செய்தியாக வரும். அதைச் செயலியில் போட்டால்தான் துணி கைக்கு வரும்.

"முடிஞ்சிடும் சார்" என்று குட்டி சட்டென்று சொல்லிவிட்டாள். வயது இருபத்தெட்டு ஆகியும், வீட்டில் கூப்பிடும் பெயர் அலுவலகம்வரை அவளைத் துரத்தி வந்திருந்தது.

இதற்கு ஒரு நேர்வழி உண்டு. கடை அனுப்பும் செய்தியின் கடைசியில் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்துவிட்டால், கைபேசியே அந்த ஒரு செய்தியை மட்டும் செயலியிடம் கொடுக்கும். மற்ற செய்திகள் மூடியே இருக்கும். ஆனால் செய்தியின் வாசகத்தை மாற்றித் தொலைபேசி நிறுவனத்திடம் ஒப்புதல் வாங்க ஒரு வாரம் ஆகும். குறுக்குவழியோ அரை நாள் வேலைதான். எல்லாச் செய்திகளையும் படிக்க அனுமதி கேட்டு, ஆறு இலக்கம் கண்ணில் பட்டதும் பிடித்து ஓடிபி பெட்டியில் போட்டுவிடலாம். குட்டி குறுக்குவழியில் இறங்கினாள். தப்பு நேர்ந்தால் பார்ப்பதற்காக, பிடித்த செய்தியின் நகல் அலுவலகத்துக்கும் வரும்படி செய்தாள். சோதனைக்குத்தானே, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். இந்த 'அப்புறம்' என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள்தான் எத்தனை பேர்!

அன்று மாலையே அண்ணியைப் பிடித்தாள். ரொட்டிக் கடையில் பில் போடும் வேலை அண்ணிக்கு.

"அண்ணி, உங்க போன்ல இதைப் போட்டு ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்களேன்."

"என்னமோ கேக்குதே குட்டி. என் மெசேஜ் எல்லாத்தையும் படிக்கலாமான்னு கேக்குது."

"அது சும்மா. எல்லா ஆப்பும் அப்படித்தான் கேக்கும். சரின்னு அமுக்குங்க."

"நீ சொன்னா சரி" என்று அமுக்கிவிட்டாள் அண்ணி.

இரண்டு நாள் கழித்து, தேநீர் வேளையில், சோதனை முடிவுகளைச் சுவரில் இருந்த பெரிய திரையில் போட்டார்கள். பக்கத்து மேசைக்காரன் மவுஸை நகர்த்தினான். வாய் சும்மா இருக்காத ஆள் அவன்.

"ஒரே ஒரு தப்புதான். கடை அனுப்பாத நம்பரைப் பெட்டியில போட்டிருக்கு. எந்த மெசேஜ்ல இருந்து எடுத்துச்சுன்னு பாப்போம்."

முழுச் செய்தியும் திரையில் விரிந்தது. பெயர் இல்லை. பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதிய யாரோ ஒருவர் தேர்ச்சி பெற்றிருந்தார். அவருடைய ஆறு இலக்கப் பதிவெண்ணைத்தான் செயலி ஓடிபி என்று நினைத்துச் சலவைக் கடைக்கு அனுப்பிவைத்திருந்தது. கீழே பாடவாரியாக மதிப்பெண்.

"கணக்குல முப்பத்தெட்டு! தப்பிச்சோம் பிழைச்சோம்னு பாஸாயிருக்காங்கப்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். குட்டியும் சிரித்தாள். பிறகுதான் கடைசிக் கட்டத்தில், எந்தக் கைபேசி என்று அவளே எழுதிவைத்திருந்தது கண்ணில் பட்டது: 'அண்ணி போன்'.

குட்டி எழுந்து போய்த் திரையின் வயரைப் பிடுங்கினாள்.

அண்ணி பள்ளிப் படிப்பை முடித்தவள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கல்யாணப் பேச்சில் யாரோ சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது. மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் "கடையில கூட்டம்" என்று அண்ணி தாமதமாக வந்தது படிக்கப் போய்த்தான் என்று இப்போது புரிந்தது. குட்டிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"சார், வெள்ளிக்கிழமை முடியாது. இன்னும் ஒரு வாரம் வேணும்."

"கடைக்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒரு நம்பருக்காக அவரோட வாடிக்கையாளர் வீட்டு விஷயத்தையெல்லாம் படிக்கப் பாத்தோம்னு சொல்லுங்க. அவரே ஒரு வாரம் தருவாரு."

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, அந்த மெசேஜையெல்லாம் முதல்ல அழிச்சுத் தொலை" என்றார். அழித்துவிட்டுத்தான் குட்டி கிளம்பினாள்.

வீட்டில் அண்ணி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு களை. குட்டி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவளால் முடியவில்லை. ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

அண்ணியின் கை நின்றது. "எத்தனை பேர் பாத்தாங்க?"

"அஞ்சு பேரும்."

"மார்க்கையுமா? சிரிச்சாங்களா?"

"நானும் சிரிச்சேன் அண்ணி. உங்களோடதுன்னு தெரியறதுக்கு முன்னாடி."

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்கண்ணன் முகத்தைப் பாத்து நானே முதல்ல சொல்லணும்னு மூணு வருஷமா ஆசையை அடக்கி வச்சிருந்தேன். முன்பின் தெரியாதவங்க டீ குடிச்சுக்கிட்டே வாசிச்சுட்டாங்களே குட்டி!"

குட்டி தேம்பித் தேம்பி அழுதாள். கடைசியில் அண்ணியே முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "அந்த முப்பத்தெட்டுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சரி, உங்கண்ணன் வர்ற நேரமாச்சு. முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்."

அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். களைத்துப் போய் வந்தவனிடம் அண்ணி கைபேசியை நீட்டினாள். இரண்டு முறை படித்தான். தோளில் இருந்த பையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

"நீயா?"

"நானேதான்."

"அடேயப்பா! அப்படியா!" என்று குட்டி வியந்ததைப் பார்த்தால் குழந்தைகூட நம்பாது. நல்லவேளை, அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் கேட்டான்: "பக்கத்து வீட்ல சொல்லிட்டு வரட்டுமா?"

"சொல்லுங்க. மார்க்கு மட்டும் வேண்டாம்" என்றாள் அண்ணி. பிறகு குட்டியைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "பாத்தியா, கட்டின புருஷனே ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போறாரு."

அடுத்த வாரம் அதே செயலி, நேர்வழியில் செய்தது, அண்ணியின் கைபேசிக்கு வந்தது. ஆறு இலக்கமும் தானாக வந்து உட்கார்ந்தது.

"இந்தத் தடவை ஒண்ணுமே கேக்கலையே?"

"அதுக்கு வந்த ஒரே ஒரு மெசேஜை மட்டும்தான் பாக்கும் அண்ணி. மத்ததெல்லாம் அதுக்கு எதுக்கு?"

"இதைத்தான் முதல்லயே செஞ்சிருக்கணும். பாக்க முடியுதுங்கிறதுக்காக அடுத்தவங்க விஷயத்தைப் பாத்துடக் கூடாது குட்டி. எம்மேலயும் தப்பு இருக்கு. இனிமே எந்த ஆப்பு கேட்டாலும், எதுக்குன்னு தெரியாம சரின்னு அமுக்க மாட்டேன்" என்றாள் அண்ணி. "நீ சொன்னாலும்தான்!"