அழுகைப் படம்

அக்கா இருளாயி செத்து மூன்று வாரம் ஆகியும் சொர்ணத்துக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வல்லத்திராக்கோட்டை எழவு வீட்டில் சனமெல்லாம் கட்டிப்பிடித்து அழுதபோது, இவள் மட்டும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மரமாட்டம் நின்றாள். "கூடப் பொறந்தவளுக்கு அழுவாத நெஞ்சு என்ன நெஞ்சோ" என்று அக்காவின் நாத்தனார் காதுபடவே சொன்னாள். சொர்ணத்துக்கும் அதே கேள்விதான். சோறு எறங்கவில்லை. அழாமல் அக்கா செத்ததை எப்படிச் சொல்வது என்று வேலை செய்கிற இடத்தில் யாரிடமும் சொல்லவுமில்லை.

அழுவதற்கு ஒரே ஒரு வழிதான் அவளுக்குத் தெரியும். சிறுசுகளாக இருந்தபோது வீட்டில் அழுதால் அப்பன் இன்னும் ரெண்டு போடுவார். அதனால் அக்காளும் தங்கச்சியும் டூரிங் கொட்டகைக்குப் போய் அழுவார்கள். ஒரு படம் இருந்தது. தங்கச்சிக்காக எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டு அக்காக்காரி கடைசியில் செத்துப்போவாள். அந்த இடம் வந்ததும் இருளாயி இவள் கையைப் பிடித்துக்கொள்வாள். கொட்டகையே மூக்கைச் சிந்தும். அப்பன் அடித்தது, பள்ளிக்கூடம் போகவிடாதது, எல்லாத்துக்கும் சேர்த்து அழுதுவிட்டு லேசாக வீடு திரும்புவார்கள்.

கீரமங்கலத்துப் பூக்கடையில் காலை ஏவாரம் முடிந்ததும், மிஞ்சின பூவைச் சரம் கட்டுவது சொர்ணத்தின் வேலை. கூடக் கட்டுகிற ரஞ்சிதாவிடம் படத்தின் பேரைச் சொல்லிக் கேட்டாள்.

"ஒன் செல்லுல வருமா புள்ள?"

"வராம என்ன பெரியம்மா? கடைசிக்கு ஓட்டவா?"

"வேணாம் வேணாம், மொதல்லேருந்து போடு. இல்லாட்டி அழுகை வராது."

செல்லைப் பூக்கூடைமேல் சாய்த்து வைத்தாள் ரஞ்சிதா. தொடங்கியதுமே சிரிப்பு.

"இந்தாளு காலேஜ் படிக்கிறானாம்டி! எங்க தாத்தா வயசிருக்கும்."

"ஒட்டுமீசை கழண்டு தொங்குது பாரு," என்றாள் எதிரே இருந்த பிரகதீஸ்வரி.

சொர்ணமும் பார்த்தாள். மீசை கழண்டுதான் இருந்தது. அப்ப ஏன் இது கண்ணில் படவில்லை? அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு பயமாகிப்போனது. இதுவும் போய்விட்டால் அப்புறம் எங்கே போய் அழுவது?

படத்தில் அந்தச் சாவு வந்தது. அக்காக்காரியின் தலை சாய்ந்தது. தங்கச்சி மேலே விழுந்து கதறினாள். சொர்ணம் தன் கையைப் பார்த்தாள். பிடிக்க ஆளில்லை, வாழைநார்தான் இருந்தது. கண் காய்ந்தே கிடந்தது.

"ஏய், வயித்தப் பாரு, வயித்தப் பாரு!" பிரகதீஸ்வரி கத்தினாள். "பொணம் மூச்சு விடுதுடி!"

ரெண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. ரஞ்சிதா பின்னால் ஓட்டித் திரும்பப் போட்டாள். சொர்ணம் குனிந்து பார்த்தாள். செத்தவளின் வயிற்றுச் சேலை மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

ஐஸ் பெட்டிப் பக்கத்தில் அவள் பார்த்துக்கொண்டு நின்றதும் இந்த இடத்தைத்தான். கண்ணாடிக்குள்ளே இருளாயியின் வயிற்றுச் சேலை. ஒருவாட்டி ஏறிவிடாதா என்று, தூக்குகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. ஏறவே இல்லை.

"அக்கா..."

தன் தொண்டையிலிருந்துதான் அந்தச் சத்தம் வந்தது என்பது அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. மடியில் கிடந்த முல்லையில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

"அடியாத்தே, பெரியம்மா நெசமாவே அழுவுறாங்க! இந்தப் படத்துக்கா?"

"பூவுக்குத் தண்ணி தெளிச்சாச்சு, போதும் எந்திரிங்க!"

சொர்ணம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இன்னொருவாட்டி போடு புள்ள," என்றாள். "அந்த மூச்சு விடுற எடத்த மட்டும்."