வெள்ளைக் காகிதக் கப்

பெரியவர் கொடுத்தனுப்பிய ரம் புட்டி மூன்று உறைகளுக்குள் வந்து சேர்ந்தது. வெளியே ஒரு துணிப்பை, அதற்குள் செய்தித்தாள், செய்தித்தாளுக்குள் அவருடைய காலுறை ஒன்று. துவைத்த காலுறைதான் என்று ஓரகத்தி போனில் சொல்லியிருந்தாள். சின்னவள் முகர்ந்து பார்த்தாள். துவைக்கவில்லை. பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருப்பவளிடம் இப்படிப்பட்ட பொய்யைச் சொல்ல ஓரகத்தியால்தான் முடியும். தலையணை உறையை மூக்கருகே கொண்டுபோனால் போதும், அந்த அறையில் தங்கியிருந்தவர் என்ன குடித்தார், அழுதாரா, தலைக்குச் சாயம் பூசினாரா என்று சொல்லிவிடுவாள். மனிதர்களைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயமெல்லாம் அழுக்குத் துணி மூட்டையிலிருந்து வந்ததுதான். அதனாலேயே அது பெரும்பாலும் சரியாக இருந்தது.

பெரியவர் என்பவர் அவள் கணவனின் அண்ணன். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர், காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கும் குழுவுக்கும் தலைவர், வேறு எதற்கும் யாரும் தலைவராகக் கூப்பிடாததால் வீட்டில் எல்லோருக்கும் தலைவர். சங்கக் கூட்டத்தில் குடியின் கேட்டைப் பற்றி அவர் பேசினால் முன்வரிசையில் இருப்பவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் வருடா வருடம் அவருடைய திருமண நாளுக்குச் சின்னவள் ரம் கப் கேக் செய்துதர வேண்டும். ரம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லமாட்டார். "அந்த வாசனை போட்டது" என்பார். ஓவனில் வைத்தால் அதெல்லாம் ஆவியாகப் போய்விடும், இது அறிவியல் என்பார். முதல் வருடம் உண்மையிலேயே நிறைய ஆவியாகப் போனது. அந்த முறை இரண்டு வாய் தின்றுவிட்டு, வாசனை பற்றவில்லையே என்று முகத்தைத் தொங்கப்போட்டார். அடுத்த வருடத்திலிருந்து சுட்டு எடுத்த கேக்கில் பல்குச்சியால் துளை போட்டு, ரம் கலந்த சர்க்கரைப் பாகைக் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறாள். அது எந்த ஓவனுக்கும் போவதில்லை. இது பெரியவருக்குத் தெரியும். தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு டம்ளர் போதும் என்ற இடத்துக்கு முழுப் புட்டி வந்திருந்தது. மிச்சத்தை என்ன செய்யட்டும் என்று அவள் கேட்டதற்கு, வீணாக்காதே, எல்லாவற்றையும் ஊற்றிவிடு என்று பதில் வந்தது. ஊற்றினாள். ஒரு வாரம் ரம்மில் ஊறி உப்பிக்கிடந்த உலர்திராட்சையையும் போட்டாள். அவர் தின்று எங்காவது தடுமாறி விழட்டும் என்று மனதுக்குள் ஒரு ஆசையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

இந்த முறை ஒரு சிக்கல், அவளுடைய தம்பி வருகிறான். லிஃப்ட் மெக்கானிக். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்து, குடிகாரன் என்று இன்னொரு பெயர் எடுத்து, இரண்டாவது பெயர் முதல் பெயரைத் தின்று தீர்த்து, வேலை போய், மனைவி போய், கடைசியில் சிகிச்சை மையத்தில் கிடந்து எழுந்து வந்தவன். இப்போது மாத்திரையில் ஓடுகிறான். குடிக்காமல் இருக்கும்வரை அந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. சாராயம் ஒரு மடக்கு உள்ளே போனால் முகம் சிவந்து, மூச்சு இரைத்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து ஆளையே சாய்த்துவிடும். இருமல் மருந்தைக்கூடப் பார்த்துக் குடிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். தினமும் வேலைக்குப் போகிற வழியில் சின்னவள் அவன் அறைக்குப் போய், அவன் மாத்திரையை விழுங்குவதைப் பார்த்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். நாற்பதை நெருங்கும் ஆண்பிள்ளை அக்கா முன்னால் நாக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பான். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

முன்பு இவன் ஒருநாள் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றபோது, இந்த ஜென்மம் என் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று சொன்னவர் பெரியவர்தான். இப்போது அவரே கூப்பிட்டிருந்தார். நடைக் குழுவில் லிஃப்ட் பராமரிப்பு எடுத்து நடத்தும் கான்ட்ராக்டர் ஒருவர் இருந்தார். திருந்தியவனை ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையை நாலு பேர் முன்னால் காட்டினாற்போலவும் ஆயிற்று, ஒருவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தாற்போலவும் ஆயிற்று. அந்தப் பெருந்தன்மை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தம்பிக்கு வேலை வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

கேக்கே வேண்டாம், வேறு ஏதாவது செய்கிறேன் என்றுதான் முதலில் தம்பியிடம் சொன்னாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்காக நிறுத்தாதக்கா. நிறுத்தினா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. அப்புறம் எல்லாரும் என்னையேதான் பாப்பாங்க."

அதனால் இரண்டு விதமாகச் செய்தாள். ரம் போட்டது பழுப்புக் காகிதக் கப்பில், ஆரஞ்சுச் சாறு போட்டது வெள்ளைக் காகிதக் கப்பில். மேலே போட்ட க்ரீம் இரண்டுக்கும் ஒன்றுதான். தம்பியுடையது மட்டும் நோயாளிச் சாப்பாடு மாதிரித் தனியாகத் தெரியக்கூடாது என்று பிடிவாதமாக ஒரே மாதிரி சுழித்து, ரம்மில் ஊறாத திராட்சையை ஒரே மாதிரி வைத்தாள். காகிதத்தின் நிறம் ஒன்றுதான் வித்தியாசம். கண் உள்ளவனுக்கு அது போதும் என்று நினைத்தாள்.

பெரியவர் வீட்டுச் சமையலறையில் இரண்டு தட்டுகளையும் வைத்து, ஓரகத்தியிடம் இரண்டு முறை சொன்னாள். வெள்ளை, குழந்தைகளுக்கும் தம்பிக்கும். பழுப்பு, மற்றவர்களுக்கு. ஓரகத்தி நெக்லஸைச் சரிசெய்துகொண்டே, "நான் என்ன சின்னக் குழந்தையா" என்றாள். கிழிந்தால் மாற்றட்டும் என்று சின்னவள் கொண்டுவந்திருந்த வெள்ளைக் காகிதக் கப்கள் ஒரு கட்டு மேடைமேல் இருந்தன. அப்போது தம்பி கீழே வந்துவிட்டதாகப் போன் செய்தான். தனியாக மேலே ஏறிவரக் கூச்சம். அவள் இறங்கிப் போனாள்.

இஸ்திரி போட்ட சட்டையில் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கதவு மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. சங்கத் தலைவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஒரு மாதமாக இப்படித்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவன் கைக்குட்டையை எடுத்துக் கதவு இடுக்கில் விட்டுத் துடைத்து, குனிந்து ஊதி, மறுபடி துடைத்தான். கதவு ஒழுங்காக மூடியது. "சென்சார்ல தூசிக்கா, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இந்தப் பிழைப்பு தேறிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

மேலே கூடம் நிறைந்திருந்தது. நடைக் குழு ஆட்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் வெள்ளைக் கப். பெரியவர் ஒன்றை உயர்த்திப் பிடித்து, பழுப்பில் ஏதோ வாசனை கலந்திருக்கிறதாம், இளைஞர்கள் எடுத்துக்கொள்ளட்டும், நமக்கெல்லாம் வெள்ளைதான் என்று அறிவித்துக்கொண்டிருந்தார். தலைவர் வெள்ளை எடுத்தபிறகு குழுவில் எவன் பழுப்பை எடுப்பான்? பழுப்புத் தட்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டே ஆரஞ்சை மென்றார்கள். சின்னவளின் கணவன் மட்டும் மூலையில் நின்று பழுப்பில் மூன்றாவதை உரித்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் பகிரங்கமாகச் செய்த ஒரே நேர்மையான காரியம் அதுதான்.

பெரியவர் தம்பியைக் கூடத்தின் நடுவே அழைத்து, தோளில் கை போட்டு, மனஉறுதி என்றால் என்ன என்று எல்லோருக்கும் விளக்கத் தொடங்கினார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதைக் காணச் சகிக்காமல் சின்னவள் தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்குள் போனாள். கை துடைத்த காகிதத்தைப் போடக் குப்பைக்கூடையைத் திறந்தாள். மேலே ஒரு காலிப் பால் பாக்கெட். அது வீங்கியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். உள்ளே பழுப்புக் காகிதக் கப்கள், கேக் தூள் ஒட்டியபடி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அழுத்தப்பட்டிருந்தன. ரம் வாசனை முகத்தில் அடித்தது. மேடைமேல் இருந்த வெள்ளைக் கட்டு பாதியாகக் குறைந்திருந்தது.

ஓரகத்தி வாசற்படியில் வந்து நின்றாள்.

"என்னக்கா இது?"

"நாலு பேர் முன்னாடி அவர் எப்படிப் பழுப்பை எடுப்பாரு? அவருக்குன்னு கொஞ்சம் கப்பு மாத்தி வச்சேன். இதுல என்ன இருக்கு?"

"எந்தத் தட்டுல வச்சீங்க?"

"வெள்ளைத் தட்டுலதான். வேற எங்க வைக்கிறது? ஓரமாத்தான் வச்சேன். அவருக்குச் சொல்லியிருக்கேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பழகிய வீடு. மறைத்த இடத்திலேயே அடுத்தவன் கைவைப்பான் என்பது அதற்குத் தோன்றவே தோன்றாது.

சின்னவள் கூடத்துக்கு வந்தபோது தம்பி கையில் வெள்ளைக் கப் இருந்தது. பாதிதான் மிச்சம். பெரியவர் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருந்தார், உனக்கென்றே உன் அக்கா செய்தது என்று சொல்லி, பேச்சின் வேகத்தில், ஓரத்திலிருந்து. தம்பி மெல்லவில்லை. வாயில் வைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். பிறகு விழுங்கினான்.

"கீழ வை. அதுல ரம் இருக்கு" என்றாள் அவள்.

இது வெள்ளையாயிற்றே என்றார் கான்ட்ராக்டர். வெள்ளையிலும் இருக்கிறது, மாமா கையில் இருப்பதிலும் இருக்கிறது என்றாள் அவள். சோபாவில் இருந்தவர்கள் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் கீழே வைக்கவில்லை. ஒருவர் அவசரமாக மிச்சத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டார். பெரியவரின் முகம் முதலில் அவமானத்தில் சுருங்கியது, பிறகு ஞானத்தில் விரிந்தது. அதெல்லாம் ஓவனிலேயே ஆவியாகப் போயிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, இது அறிவியல் என்றார்.

"அவன் மாத்திரை சாப்பிடறவன். ஆஸ்பத்திரிக்குப் போகணும். காரை எடுங்க மாமா."

பெரியவர் பாக்கெட்டில் கைவிட்டார். சாவி உள்ளே கிணுகிணுத்தது. கை வெளியே வரவில்லை. அவர் தன் மனைவியைப் பார்த்தார், நடைக் குழுவைப் பார்த்தார், பழுப்புத் தட்டைப் பார்த்தார். தெருமுனையில் சனிக்கிழமை சாயங்காலம் போலீஸ் நின்று ஊதச் சொல்வது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"இல்லம்மா... நான் நாலு சாப்பிட்டுட்டேன்" என்றார் பெரியவர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அடுத்து நீ ஓட்டு என்று தன்னிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். தன் கையில் இருந்தது ஆரஞ்சா ரம்மா என்று அவர்களில் ஒருவருக்கும் இப்போது நிச்சயமில்லை. கான்ட்ராக்டர் சுவரில் இருந்த படத்தை ஆராய்ந்தார். அவள் கணவன் போனை எடுத்து டாக்ஸிக்குச் சொன்னான், அவசரம் என்று இரண்டு முறை சொன்னான். அத்தனை பேரையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட வேண்டும் என்று சின்னவளுக்கு இருந்தது. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

லிஃப்ட் கதவு தடையில்லாமல் மூடித் திறந்தது. கட்டட வாசல் படியில் அவனை உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்தாள். வேகமாக இருந்தது. தன்னுடையதும் அதே வேகத்தில் அடித்ததால் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். அவன் காது மடல்கள் சிவந்துகொண்டிருந்தன. மாத்திரையா, அத்தனை பேர் முன்னால் நின்ற வெட்கமா என்று தெரியவில்லை. வாயைத் திறக்கச் சொன்னாள். காலையில் நிற்பதைப் போலவே திறந்து, நாக்கைத் தூக்கினான். அவள் முகர்ந்தாள்.

தெருவைப் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"முதல் வாய்லயே தெரிஞ்சுதுக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் மடியில் அந்த வெள்ளைக் காகிதக் கப் இருந்தது, காலியாக. மிச்சப் பாதியை எப்போது தின்றான் என்று அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்டிலா? கையைப் பிடித்துக்கொண்டுதானே வந்தாள்? அவன் அதை முழங்கால்மேல் வைத்து, மடிப்பு மடிப்பாக விரலால் நீவி, தட்டையாக்கிக்கொண்டிருந்தான். பாகு ஊறி நடுவில் பழுப்பாகியிருந்தது.

அவள் கையை நீட்டினாள். டாக்ஸி திருப்பத்தில் வந்து ஹாரன் அடித்தது. நீட்டிய கை அப்படியே இருந்தது. அவன் காகிதத்தை இன்னொரு முறை நீவினான், காது மடலிலிருந்து சிவப்பு கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.