சளி மருந்துக்கு இரண்டு டிக்கெட்

'பெயர்: ஸ்பேனர். வயது: இருபத்தெட்டு. இருக்கும் இடம்: லிப்ட் குழிக்குள். இந்த அட்டையைப் பார்க்கிறவர் தயவுசெய்து சுவிட்சைத் தொட வேண்டாம்.'

வெளிநாட்டில் லிப்ட் மெக்கானிக்காக இருந்த நான்கு வருடமும், இப்படி ஓர் அட்டையை எழுதி மின்பெட்டியில் தொங்கவிட்ட பிறகுதான் அவன் குழிக்குள் கால் வைப்பான். ஸ்பேனர் என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. அட்டை இல்லாமல் இறங்கினால், வெளியே நிற்கிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. பாவம், லிப்ட் ஓடவில்லையே என்று அவன்தான் முதலில் ஓடிவந்து சுவிட்சைப் போடுவான்.

அங்கிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு மாமனார் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. புது வேலை அடுத்த திங்கட்கிழமைதான் ஆரம்பம். அதுவரை வீட்டோடு மாப்பிள்ளை. எந்த வீட்டில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுகிறவனுக்கு, இந்த வீட்டில் யார் எதைச் செய்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை. குளியலறையில் போட்ட துணி துவைத்துக் காய்ந்து மடித்துக் கட்டிலில் இருக்கும். யார் செய்தது என்று கேட்டால், "அதனால என்ன" என்று பதில் வரும். அங்கே அவர்கள் இருந்தது ஒரே அறை. பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால்கூட மற்றவர் கண்ணில் படாமல் போகாது. இங்கே ஐந்து அறை, எட்டுக் கை.

மாமனார் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே அதட்டி உள்ளே தள்ளிய மனிதர், மாப்பிள்ளையிடம் மட்டும் நேராகப் பேசமாட்டார். மரியாதையாம். "மாப்பிள்ளைக்கு இன்னொரு தலையணை வேணுமான்னு கேளும்மா" என்று மகளிடம் சொல்வார். மாப்பிள்ளை இரண்டு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். அவனும், "வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லு" என்பான். அவன் மனைவி நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க" என்பாள்.

அந்த மனைவிதான் இந்த வாரம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவாள். மாமியாரோ தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார், பரீட்சைக்குப் படிக்கிற மச்சினி, ஸ்பேனர், அவன் மகள். மகளுக்கு இரண்டு வயது மூன்று மாதம். அவளைச் சுண்டு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

சுண்டுவுக்குச் சளி. முந்தின நாள் சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி இருக்கிற டாக்டர் ரோஸ் நிறத்தில் ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார். காலையில் ஐந்து மில்லி, சாயங்காலம் ஐந்து மில்லி. முதல் தடவையை ஸ்பேனரே கொடுத்தான். கொடுத்த கையோடு போனை எடுத்து வீட்டு குரூப்புக்கு வாயால் சொல்லி அனுப்பினான். கையெல்லாம் கிரீஸாக வேலை பார்த்த காலத்துப் பழக்கம். சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்ளும்.

'பாப்பாவுக்கு சளி மருந்து கொடுத்தாச்சு சாப்பாடு ரெண்டு வாய்தான் சாப்பிட்டா மூக்கு இன்னும் ஒழுகுது யாரும் ஐஸ் வாட்டர் கொடுக்காதீங்க எனக்கு பயமா இருக்கு மாமாகிட்டயும் சொல்லிடுங்க'

புள்ளி கிடையாது, கமா கிடையாது. மச்சினி அந்த குரூப்பை என்றைக்கோ சத்தமில்லாமல் ஆக்கி வைத்திருந்தாள். "அத்தான் மெசேஜ் வந்தா கூட்ஸ் ரயில் மாதிரி. முடியிற வரைக்கும் கேட்ல நிக்கணும்." மாமனாரிடம் இருப்பது பட்டன் போன். அவருக்கு குரூப்பே கிடையாது.

மறுநாள் பகல் நான்கு மணி. ஸ்பேனர் தூங்கி எழுந்தான். நாடு மாறியும் உடம்பு இன்னும் அங்கத்திய நேரத்திலேயே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் கண் சொருகிவிடும். எழுந்ததும் ஒரு சந்தேகம். காலையில் மருந்து கொடுத்தோமா? பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது மனைவி ஏதோ மருந்தைப் பற்றிச் சொன்னாள், இவன் நுரையோடு தலையாட்டினான். அது இன்றைக்கா, நேற்றைக்கா? நேற்றுக் காலையில் மருந்தே வாங்கியிருக்கவில்லையே. அப்படியானால் இன்றைக்கு. ஆனால் இன்றைக்கு அவன் பல் தேய்த்ததே பத்து மணிக்குத்தானே? குரூப்பைத் திறந்து பார்த்தான். கடைசியாக இருந்தது அவனுடைய கூட்ஸ் ரயில்தான். இன்றைக்கு ஒன்றுமில்லை.

சரி, யாரும் கொடுக்கவில்லை. இப்போதாவது கொடுத்துவிடுவோம்.

கூடத்துப் பாயில் சுண்டு படுத்திருந்தாள். பாட்டிலோடு வந்தவனைப் பார்த்ததும், கேட்காமலேயே வாயை ஆவென்று திறந்தாள். அதுவே அவனுக்கு விசித்திரமாக இருந்தது. நேற்று இந்த வாயைத் திறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

"மருந்து குடிச்சியாடா?"

"ம்."

"குடிக்கலையா?"

"ம்."

"யாரு குடுத்தா? அம்மாவா?"

"ம்."

"தாத்தாவா?"

"ம்."

"மேல சுத்துதே, அந்த ஃபேனா?"

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அளவு மூடியைப் பாட்டிலிலிருந்து எடுத்தான். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நேற்று அவன்தான் அதைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்திருந்தான்; கருவியைத் துடைக்காமல் வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. வேறு யாரோ தொட்டிருக்கிறார்கள். ஊற்றப் போன கை நின்றது.

மச்சினி அறையில் புத்தகமும் கையுமாக இருந்தாள்.

"பாப்பாவுக்கு மருந்து குடுத்தியாம்மா?"

"ஒரு மணிக்குக் குடுத்துட்டேன் அத்தான். நீங்க வாயைத் திறந்துட்டுத் தூங்குனீங்க. மறந்துட்டீங்க போல, அக்கா வந்தா உங்களைத் திட்டுவாளேன்னு நானே குடுத்துட்டேன். பாதியைத் துப்பிட்டா. பாருங்க." நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பக்கம் முழுக்க ரோஸ் நிறம்.

"சரி, மாமா ஏதும் குடுத்தாரான்னு கேளு."

மாமனார் வாசல் பக்கம்தான் நாற்காலியில் இருந்தார். இவர்கள் பேசுவது அவருக்குக் கேட்காமல் இல்லை. இருந்தாலும் மச்சினி எழுந்து போய்க் கேட்டாள்.

"பத்து மணிக்குக் குடுத்தேன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு. அவர் குளிக்கப் போயிருந்தார். புதுசா வந்த மனுஷன், அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு..."

ஸ்பேனர் மனைவிக்குப் போன் போட்டான். "நான்தான் ஏழு மணிக்கே குடுத்துட்டேன், உங்ககிட்ட சொன்னேனே. தலையாட்டுனீங்களே" என்றாள். பத்து மணிக்குப் பல் தேய்த்தது இன்றைக்கில்லை போலிருக்கிறது.

ஏழு, பத்து, ஒன்று. இப்போது நான்கு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, யாரோ உட்கார்ந்து அட்டவணை போட்ட மாதிரி. அந்த அட்டவணையில் அடுத்த ஆள் அவன்.

பாயில் போய் உட்கார்ந்து, "சுண்டு, சுண்டும்மா" என்று கன்னத்தைத் தட்டினான். அசையவில்லை. தூக்கி நிமிர்த்தினான். தலை அவன் தோளில் துணி மாதிரி சரிந்தது. மூச்சு வந்தது, மூக்கு கர் கர் என்றது. கண் மட்டும் திறக்கவில்லை.

டாக்டர் கிளினிக் நம்பரை மச்சினிதான் அழுத்திக் கொடுத்தாள். எடுத்தது நர்ஸ்.

"என்ன மருந்து? எத்தனை தடவை?"

"மூணு. இல்லை, ரெண்டரை. பாதியைத் துப்பிட்டா."

"சரியா சொல்லுங்க சார். குழந்தை எத்தனை கிலோ?"

அவனுக்கு எட்டுப் பேர் லிப்ட் எத்தனை கிலோ தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தன் பெண்ணின் எடை வரவில்லை. பிறகு சட்டென்று அது வந்தது. விமான நிலையத்தில் பெட்டியை எடை போடுகிற மேடையில் சுண்டு ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பதினொண்ணு புள்ளி நாலு" என்றான்.

"உடனே தூக்கிட்டு வாங்க. பாட்டிலையும் கொண்டுவாங்க."

செருப்பு மாட்ட நேரமில்லை. அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பின்னால் மாமனார் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடுவதை அந்தத் தெரு பார்த்ததில்லை.

நர்ஸ் பாட்டிலில் இருந்ததை அளந்தாள். அறுபது மில்லியில் நாற்பது இருந்தது. நேற்று ஒன்று, இன்று மூன்று. கணக்கில் யாரும் பொய் சொல்லவில்லை. டாக்டர் கண்ணில் விளக்கடித்து, நெஞ்சில் குழாய் வைத்து, உள்ளங்காலில் விரலால் சுண்டினார். சுண்டு சிணுங்கிக் காலை இழுத்துக்கொண்டாள்.

"மூச்சும் துடிப்பும் சரியா இருக்கு. இந்த மருந்து தூக்கம் வரவைக்கும், அதான். முழிக்கிற வரைக்கும் இங்கயே இருங்க, நர்ஸ் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இன்னைக்கு இனி ஒரு சொட்டு கிடையாது." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாலாவது தடவையும் போயிருந்தா நான் இவ்ளோ நிதானமா பேசிட்டு இருக்க மாட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மடியில் பிள்ளை. பக்கத்தில் மாமனார். நடுவில் பேச யாரும் இல்லை.

ஸ்பேனருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மனைவி சொன்னாள், அவன் கேட்கவில்லை. மச்சினி அவன் திட்டு வாங்கக்கூடாது என்று கொடுத்தாள். மாமனார் அவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கொடுத்தார். கடைசியில் மூடியோடு நின்றவன் அவனே. எல்லோரும் பாவம் லிப்ட் ஓடவில்லையே என்று வந்து சுவிட்சைப் போட்டவர்கள். குழிக்குள் இருந்தது அவன் பிள்ளை. அவனுடைய அட்டைக் கட்டோ ஊரிலிருந்து கொண்டுவந்து இன்னும் பிரிக்காத பெட்டிக்குள் இருந்தது. இதில் யாரைப் பிடித்து என்ன கேட்பது?

மாமனார் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மகள் வருகிறாளா என்று தெருவைப் பார்த்தார். பிறகு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"பஸ்ல எண்பது பேர் ஏறுவான். டிக்கெட் வாங்கியாச்சான்னு கேட்டா எல்லாருமே ம்-னுதான் தலையாட்டுவான். உங்க பொண்ணு மாதிரி. மூஞ்சியைப் பார்த்து ஞாபகம் வச்சுக்க முடியுமா? அதனால நான் வாயைப் பார்க்க மாட்டேன். கையைப் பார்ப்பேன்."

ஸ்பேனர் அவர் பக்கம் திரும்பினான்.

"தினமும் ரெண்டு சீட்டு, காலைக்கு ஒண்ணு, சாயங்காலத்துக்கு ஒண்ணு. பாட்டில் கழுத்துல கட்டிடுவோம். குடுக்கிறவங்க அந்த வேளை சீட்டைக் கிழிச்சுப் பையில போட்டுக்கணும். அந்த வேளை சீட்டு இல்லையா, மருந்து இல்லை. ஒரு டிக்கெட்டை ரெண்டு தடவை கிழிக்க முடியாது பாருங்க."

"காலைல நான் சீட்டு கட்டுறேன் மாமா."

"நீங்க தூங்குவீங்க. நான் கட்டுறேன்."

அவன் சிரித்துவிட்டான். அழுகையும் கூடவே வந்தது. எது முன்னால் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. மாமனார் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அதையும் நேராகவே நீட்டினார்.

ஆறு மணிக்கு மனைவி மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது சுண்டு கண் விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தாத்தா கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். வாயை ஆவென்று திறந்தாள்.

"உனக்கு இல்லடி. வண்டி ஃபுல்" என்றார் தாத்தா.

மறுநாள் காலை பாட்டிலின் கழுத்தில் நூலில் கோத்த இரண்டு சீட்டுகளும், மேலே ஓர் அட்டையும் தொங்கின. அட்டையை ஸ்பேனர் எழுதியிருந்தான். இந்த முறை வாயால் சொல்லவில்லை. பேனாவை எடுத்து, புள்ளி வைத்தே எழுதினான்.

'பெயர்: சுண்டு. வயது: இரண்டு வருடம் மூன்று மாதம். இருக்கும் இடம்: இந்த வீட்டுக்குள் எங்கேயாவது. அந்த வேளைச் சீட்டு இல்லாவிட்டால் மருந்து கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். இதைப் படிக்கிறவர் தயவுசெய்து அவளிடம் கேட்க வேண்டாம். எங்களில் ஒருவரைக் கேளுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கேளுங்கள்.'