அடிபட்டவன் மேல என்ன தப்பு?

விடிவதற்கு முன் எழுந்து மனைவியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவதென்றால் சேஃப்டி சாருக்கு எட்டிக்காயாகக் கசக்கும். கல்யாணமான புதிதில் அவளை வாசலில் இறக்கிவிட்டு, அவள் உள்ளே போய் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்தான். வெளிநாடு வந்து பிழைப்பு ஒரு தடத்தில் விழுந்த பிறகு, "நீ நர்ஸுக்குப் படிச்சே, என் தூக்கம் போச்சு" என்பதே தினசரிப் பாட்டாகிவிட்டது. ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி வேலை அவருக்கு. ஹெல்மெட் போடாதவனையும் பெல்ட் மாட்டாமல் மேலே ஏறுகிறவனையும் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். அதனால் அங்கே பிழைக்க வந்த தமிழ் ஆட்கள் எல்லாருக்கும் அவர் சேஃப்டி சார். அவள் சேஃப்டி சார் வீட்டம்மா. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினால்தான் அவள் சிஸ்டர்.

அன்றைக்கு நல்ல பனிமூட்டம். முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் புள்ளியாகத் தெரிந்தது. அந்த அகலச் சாலையின் இரண்டு பக்கமும் கட்டட ஆட்கள் தங்கும் முகாம்கள். காலை ஷிப்டுக்கு அவர்கள் சைக்கிளில் ஓரமாகப் போவார்கள். சேஃப்டி சார் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் யாரோ அனுப்பியிருந்த வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டப் பாருங்க" என்றாள்.

"எனக்கே சேஃப்டி சொல்லித் தர்றியா?" என்று அவர் சிரித்தார்.

சிரித்த வாய் மூடவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆரஞ்சு நிற ஜாக்கெட் ஒன்று பளீரென்று மின்னியதை அவள் பார்த்தாள். முதுகில் குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள். அடுத்த நொடி, மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு சத்தம். அவள் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது.

"நிறுத்துங்க!"

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி ஏறக்குறைய நின்றேவிட்டது. திரும்பிப் பின்னால் பார்த்தார். மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கால் மறுபடி ஆக்ஸிலேட்டருக்குப் போனது.

"ஏங்க, ஆளு விழுந்துட்டாருங்க. நிறுத்துங்க."

"வாயை மூடு. நிறுத்துனா என்ன ஆகும்னு தெரியுமா? நேரா உள்ள தூக்கி வச்சிருவான். வேலை போகும், விசா போகும். பாப்பாவுக்குப் பரீட்சை வருது. பின்னாடி வர்றவன் பார்த்துக்குவான்."

அவள் பைக்குள் கையை விட்டுப் போனைத் தொட்டாள். ஆம்புலன்ஸ் நம்பர் அவளுக்குத் தூக்கத்திலும் வரும்.

"கூப்பிடு, தாராளமாக் கூப்பிடு" என்றார் அவர், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "உன் நம்பர் அங்க விழும். உன்னையும் சேர்த்துத்தான் உக்கார வைப்பான். யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

எலும்பு முறிவு வார்டில் அவளுக்கு வேலை. ஊசி, மாத்திரை, கட்டு என்று கை பாட்டுக்கு ஓடியது. அந்த ரோட்டில் அடிபட்டவர்களைக் கொண்டுவருவது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியும். லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் வாக்கில் ஆபரேஷன் முடிந்த ஒருவனை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கட்டிலுக்கடியில் அவன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தார்கள். உள்ளே ஒற்றைச் செருப்பு, உடைந்த போன். அவற்றுக்கு அடியில், கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிய ஆரஞ்சு ஜாக்கெட்.

"ரொம்ப நேரம் ரோட்டோரத்துல கிடந்திருக்கான்" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "அடிபட்டதும் யாராவது கூப்பிட்டிருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்."

அவள் தலையசைத்தாள்.

மயக்கம் தெளிந்தபோது அவன் முதலில் சொன்ன வார்த்தை "அம்மா." அவள் தன்னை அறியாமல் "சொல்லுப்பா" என்றுவிட்டாள். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

"அக்கா, தமிழா நீங்க? அப்ப நான் பொழைச்சுக்குவேன்."

அவன் சாரம் கட்டுகிறவன். மாடி மாடியாக இரும்புக் குழாயைப் பூட்டிக்கொண்டே மேலே ஏறுகிற வேலை. "என்னைய அங்க எல்லாரும் குரங்குன்னுதான் கூப்பிடுவாங்க அக்கா. நான் ஏறுற வேகத்துக்கு ஒருத்தனும் நிக்க மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னவன், சொல்லிவிட்டுப் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். சேஃப்டி சார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வண்டியைப் பார்த்தானாமா?"

"கால் போச்சுங்க அவருக்கு."

"அதைக் கேக்கல. வண்டியைப் பார்த்தானாமா?"

"வெள்ளையா ஏதோ வண்டின்னு சொல்றாரு. வேற ஒண்ணும் ஞாபகம் இல்லையாம்."

"ஜாக்கெட் போட்டிருந்தானா?"

"போட்டிருந்தாரு. நான் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழ பையில இருக்கு."

"இருக்கக்கூடாது" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "இங்க பாரு, எங்க வேலையே இதுதான். அடிபட்டவன் மேல என்ன தப்புன்னு பாக்குறது. தப்பே பண்ணாதவன் உலகத்துல கிடையாது. கொஞ்சம் தேடணும், அவ்வளவுதான்."

மறுநாள் படுக்கை விரிப்பு மாற்றும் சாக்கில் அவள் அந்தப் பையைத் திறந்தாள். ஜாக்கெட்டை எடுத்து, ரத்தப் பஞ்சு போடும் குப்பைப் பையில் திணித்து, வாயை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே பழமும் ஜூஸுமாகச் சேஃப்டி சார் வார்டுக்கு வந்து நின்றார். "இவங்க சொன்னாங்க, நம்ம ஆளு ஒருத்தர் இருக்காருன்னு. மனசு கேக்கல." சாரக்காரன் எழுந்து உட்காரப் பார்த்தான். அவனைத் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். ஆப்பிளைத் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். அவளைக் காலையில் கொண்டுவந்து விடுவதற்கு அலுத்துக்கொண்ட மனுஷன், அவனைப் பார்க்க நேரம் தவறாமல் வந்தார். அவனுக்கு முகம் மழித்துவிட்டார். உடைந்த போனுக்குப் பதில் தன்னுடைய பழைய போனைக் கொடுத்து, ஊரில் இருந்த அவன் பெண்டாட்டியோடு பேச வைத்தார். அந்தப் பெண் போனிலேயே அழுது, "அண்ணே, நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்" என்றாள். சேஃப்டி சாருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. பக்கத்தில் நின்றவளுக்கு அதைப் பார்க்கத்தான் உடம்பு கூசியது.

நடுநடுவே அவர் தன் வேலையையும் பார்த்தார்.

"தம்பி, அண்ணன் கேக்குறேன்னு தப்பா நினைக்காதே. மூட்டத்துல நீ கொஞ்சம் உள்ள வந்துட்டியோ?"

"இல்லண்ணே, ஓரமாத்தான் போனேன்."

"ஓரம்னுதான் எல்லாருக்கும் தோணும். அந்த மூட்டத்துல எது ஓரம், எது நடுன்னு யாருக்குத் தெரியும்? ராத்திரி சரியாத் தூங்கினியா?"

"ரூமுல கொசுத்தொல்லை. சரியாத் தூங்கலண்ணே."

"பார்த்தியா. தூக்கக் கலக்கம். ஜாக்கெட் போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேண்ணே. தினமும் போடுவேன்."

"தினமும் போடுறவனுக்கு, போடாத அன்னைக்கும் போட்ட மாதிரியேதான் இருக்கும்."

அவன் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் பாறையும் கரையும். இவன் பாறையில்லை, வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு கிடக்கிறவன்.

ஒருநாள் போலீஸ்காரர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, சாரக்காரனுக்கு அவர் பாஷை வராது. "நீங்க நடுவில நின்னு சொல்லுங்க சிஸ்டர்" என்று அவளை நிறுத்தினார்கள். மூட்டத்தில் கேமராவில் ஒன்றும் விழவில்லை என்றார் போலீஸ்காரர். சைக்கிள் கிடந்த இடத்தை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. லாரிகள் அதை இழுத்துப் போட்டு, கிடந்த உடைசலையெல்லாம் நொறுக்கியிருந்தன.

"வெளிச்சம் பட்டா மின்னுற ஜாக்கெட் போட்டிருந்தானான்னு கேளுங்க."

அவள் கேட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். "எனக்கே குழப்பமா இருக்கு அக்கா. போட்டிருந்தேன்னுதான் நினைச்சேன். அண்ணன் சொன்னதுலருந்து ஒண்ணும் புரியல. என் பையில பார்த்தேன், இல்ல. நான் வார்டுக்கு வரும்போது நீங்கதானே இருந்தீங்க? போட்டிருந்தேனா?"

அவன் கண்ணில் சந்தேகம் என்பது துளியும் இல்லை. கூடப் பிறந்தவளிடம் கேட்பதுபோலக் கேட்டான். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், ஜாக்கெட் எங்கே என்று கேட்பார்கள், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், பிறகு வெள்ளை வண்டி வரைக்கும் போகும். வீட்டில் மேசைமேல் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு பாப்பா உட்கார்ந்திருப்பாள்.

"வரும்போது உன் உடம்புல இல்லப்பா" என்றாள்.

அது பொய்கூட இல்லை. கீழே அவசரப் பிரிவிலேயே வெட்டிக் கழற்றியிருந்தார்கள்.

"அப்ப என் மேலதான் தப்பு" என்றான் அவன். சொன்னபோது அவனுக்கு ஒரு நிம்மதிகூட வந்ததுபோல இருந்தது. "சொல்லிருங்கக்கா. இருட்டுல தூக்கக் கலக்கத்துல ஜாக்கெட் இல்லாம உள்ள வந்துட்டேன்னு சொல்லிருங்க. வண்டிக்காரன் பாவம், அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

அவள் அதை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தாள். போலீஸ்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

தப்பு அவனுடையது என்றான பிறகு கம்பெனி கை கழுவிவிட்டது. ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததோடு சரி. புறப்படுகிற அன்று சக்கர நாற்காலியில் அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வார்டில் இருந்த தமிழ் ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். சாரக்காரன் சேஃப்டி சாரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்கேயோ பொறந்தவனுக்கு இவ்வளவு செய்யிறாரே, இவர்தான்யா மனுஷன்" என்றார் ஒரு பெரியவர். சேஃப்டி சார் கூச்சத்தோடு சிரித்தார்.

வண்டியில் ஏறியதும், "ஒரு விதத்துல நல்லதுதான் நடந்திருக்கு, பார்த்தியா" என்றார். "நம்மளால ஆனதைச் செஞ்சிட்டோம்." பழைய சாமான் கடையில் வாங்கி மாட்டிய பக்கக் கண்ணாடி கொஞ்சம் நிறம் மாறித் தெரிந்தது. அவள் அதிலேயே பார்வையை வைத்திருந்தாள்.

ஊர் போன பிறகும் சாரக்காரன் விடவில்லை. வாரம் தவறாமல் அக்காவுக்குப் போனில் குரல் பதிவு அனுப்புவான். கம்பு ஊன்றி நடக்கப் பழகுகிறேன் என்பான், அண்ணனைக் கேட்டேன் என்று சொல்லுங்கள் என்பான். சில வாரத்தில் பேச்சு மாறியது. "தையல் போட்ட இடம் ஆற மாட்டேங்குது அக்கா. தண்ணியா வடியுது. வாடை அடிக்குது. என்ன மாத்திரை போடலாம்?" படமும் அனுப்பியிருந்தான். பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மாத்திரையில் ஆறுகிற புண் இல்லை அது. எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது.

அவள் பதில் பேச வாயைத் திறப்பதற்குள் சேஃப்டி சார் போனை வாங்கிப் பார்த்தார்.

"இது இப்படியே நீளும். இன்னைக்கு மாத்திரை, நாளைக்குப் புள்ளைக்குப் படிப்பு, மறுநாள் என் தம்பிக்கு வேலை வாங்கிக் குடுன்னு வந்து நிப்பான். ஒட்டுப்புல் மாதிரி. போதும்."

"உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடுறேங்க."

"ஒரு வார்த்தைலதான் எல்லாம் ஆரம்பிக்கும்."

அவரே அந்த எண்ணை பிளாக் செய்து போனைத் திருப்பிக் கொடுத்தார். அதை மறுபடி திறந்துவிட எத்தனை நேரம் ஆகும்? விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்தது. அன்று முழுக்க அவள் அதைச் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. பிறகு, இனிமேல் திறந்தால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பானே என்று பயம் வந்தது.

சாரக்காரனோடு முகாமில் ஒரே அறையில் இருந்த பிளம்பர் ஒருவன் கைவிரல் கட்டு மாற்ற வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"சிஸ்டர், நம்ம குரங்கு போயிட்டான் தெரியுமா? கால் புண்ணு உள்ளுக்குள்ள அழுகி ரத்தத்துல கலந்துருச்சாம். கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தானாம். அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், அவங்களுக்குத் தெரியாததான்னு அடம் புடிச்சிருக்கான். போன் எடுக்கலைன்னதும், அக்காவுக்கு டூட்டி அதிகமா இருக்கும்னு அவனே சமாதானம் சொல்லிக்குவானாம்."

அவள் அவன் விரலுக்குக் கட்டுப் போட்டு முடித்தாள். ரொம்ப இறுக்கிவிட்டாள்போல. அவன் "ஸ்" என்றான். அவிழ்த்து மறுபடி போட்டாள்.

வேலை முடிந்து வண்டியில் ஏறியதும் சேஃப்டி சாரிடம் சொன்னாள். அவர் உச்சுக் கொட்டினார். "அடப்பாவமே. சின்ன வயசு." சிக்னல் மாறியதும் வண்டியை எடுத்தார். அவருடைய தோள் மெல்லத் தளர்ந்து இருக்கையில் சாய்வதை அவள் பார்த்தாள்.

"சரி, விடு. இனிமே ஒரு பயமும் இல்ல" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கை ஓங்கி அறைய வேண்டும் என்று இருந்தது. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் தன் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியதை அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வீடு வரும்வரை அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓரமாகச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆட்களை, சேஃப்டி சார் ஹாரன் அடித்து ஒதுக்கிக்கொண்டே போனார்.