ஞானதாசன் வக்கீலின் வாய்தா

கை மடங்கவில்லை. விறைத்துப்போன அந்தக் கையைக் கறுப்பு கவுனுக்குள் நுழைக்க இரண்டு வக்கீல்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வக்கீல் சங்கச் செயலாளர் அனில்குமார் அவர்களை விலக்கிவிட்டு ஒரு கத்திரி கேட்டு வாங்கினார். கவுனை முதுகுப்பக்கம் மேலிருந்து கீழாக வெட்டி, முன்பக்கமாகப் போர்த்தி, ஓரங்களை உடம்புக்கடியில் செருகினார். முன்னால் நின்று பார்த்தால் கம்பீரமான கிரிமினல் வக்கீல் ஞானதாசன். பின்னால் ஒன்றும் கிடையாது. அப்பாவின் முப்பது வருஷத் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது என்று ஜாஸ்மிக்குத் தோன்றியது.

வெட்டுப்பட்டது அவளுடைய கவுன். அப்பா தன்னுடையதை எப்போதோ தொலைத்துவிட்டு, கோர்ட்டில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு திரிந்தவர்.

விடியுமுன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்திருந்தார். பொழுது ஏறுவதற்குள் இரணியல் வீட்டு முற்றத்தில் கறுப்புக் கோட்டுகள் நிறைந்துவிட்டன.

"கிரிமினல் சைடுல புலியில்லா!"

"கிராஸ் பண்ண எந்திச்சார்னா எஸ்.ஐ.க்கு வேர்த்து ஊத்தும், கேட்டியா."

ஜாஸ்மி நான்கு வருஷம் அந்தப் புலியிடம் ஜூனியராக இருந்தவள். புலி கேஸ் கட்டைப் பிரிப்பதே கோர்ட்டுக்குப் போகும் வழியில், காரில்தான். படித்து முடிப்பதற்குள் கோர்ட் வந்துவிட்டால் வாய்தா. நண்பர் வீட்டில் பால்காய்ப்பு என்றால் வாய்தா. மழைக்கு வாய்தா. கேஸை இழுத்தால் சாட்சிகள் மறப்பார்கள், விலைபோவார்கள், செத்தும் போவார்கள் என்று அதற்கொரு தத்துவமும் வைத்திருந்தார். ஜாமீனில் வெளியே சுற்றுகிற கொலைகாரனுக்கு அது நல்ல தத்துவம்தான். குற்றம் செய்யாமல் உள்ளே கிடக்கிறவனைப் பற்றி அவர் யோசித்ததில்லை. அப்படியொரு ஜாதி உலகத்தில் இருப்பதாகவே அவர் நம்பவில்லை.

கடியப்பட்டணத்திலிருந்து நேசம்மாள் வந்தாள். அவள் மகன் பிரபின் கொலைக்கேசில் மூன்று வருஷமாக ஜெயிலில் கிடக்கிறான். ஒப்பாரி வைக்க வந்தவள் என்று நினைத்துப் பெண்கள் இடம்விட்டார்கள். அவள் உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு ஜாஸ்மியிடம் திரும்பினாள்.

"இன்னைக்கும் வாய்தா தானா மோளே?"

யாரோ "ச்சீ" என்றார்கள். நேசம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை.

"சிலுவைமுத்துக்கு ராத்திரி பிளைட்டு. பஹ்ரைனுக்குப் போனாம்னா பொறவு ரெண்டு வருசம் கழிச்சுதான் வருவான். கொல நடந்த ராத்திரி எனக்க பிள்ள அவன்கூட வள்ளத்துல கடல்ல கெடந்தாம்னு சொல்லதுக்கு வேற யாரு இருக்கா? இந்த லீவுல மூணு வாட்டி கோர்ட்டு வாசல்ல வந்து நின்னான். மூணு வாட்டியும் உங்க அப்பா திருப்பி அனுப்பியாச்சு. இன்னைக்கு அங்கதான் நிக்கான், பெட்டி படுக்கையோட."

ஜாஸ்மி எழுந்து உள்ளே போய் வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு, கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். அனில்குமார் வாசலை மறித்தார்.

"மோளே, நீ என்ன செய்யுதே? இன்னைக்கு ஒருத்தரும் கோர்ட்டுல கேஸ் நடத்தப்பிடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. உங்க அப்பாவுக்க மரியாதைக்குத்தான்."

"தீர்மானத்த ஜெயில்ல வாசிச்சுக் காட்டியாச்சா சார்?"

"ஊரு சிரிக்கும் மக்கா."

"சிரிக்கட்டு. நாலு மணிக்குத்தான எடுக்கிய? அதுக்குள்ள வந்திருவேன்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். கிரேசி அழுது முடித்திருந்தாள், அல்லது தொடங்கவேயில்லை. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், வாசலுக்குப் போக அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். கிரேசி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

செஷன்ஸ் கோர்ட்டில் அப்பாவுக்காக இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள். இடையில் ஒருவருடைய செல்போன் குத்துப்பாட்டுப் பாடியது. நின்ற களைப்புத் தீர வக்கீல்கள் கேன்டீனுக்குப் பழம்பொரி தின்னப் போனார்கள். ஒவ்வொரு கேஸாகக் கூப்பிட்டு அடுத்த தேதி கொடுத்துக்கொண்டே வந்த நீதிபதி, பிரபின் கேஸ் வந்தபோது தலைதூக்கினார். முன்வரிசையில் கவுன் இல்லாமல் ஜாஸ்மி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க தரப்பு சாட்சி ஆஜர், யுவர் ஆனர்."

நீதிபதி சாட்சிக் கூண்டைக் காட்டினார்.

சிலுவைமுத்து சத்தியம் செய்துவிட்டு, கடலில் கூவிப் பேசிப் பழகிய குரலில் சொன்னான். அந்த ராத்திரி பிரபினும் அவனும் வள்ளத்தில் போனது, வலை அறுந்தது, விடிந்த பிறகு கரையேறியது. ஆயுதப்படைக் காவலர்களுக்கு நடுவில் நின்ற பிரபின் நிமிர்ந்தே பார்க்கவில்லை. நல்ல செய்தி கேட்கிற பழக்கம் அவனுக்கு விட்டுப்போயிருந்தது.

அரசு வக்கீல் எழுந்தார். காலையில் அப்பாவின் காலைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு வந்தவர். இருவரும் சேர்ந்து குடித்த பாட்டில்களைப் பேச்சிப்பாறை அணைக்குள் போட்டால் மதகு அடைத்துக்கொள்ளும்.

"இவ்வளவு தெரிஞ்ச நீ மூணு வருஷமா யாருகிட்டயும் சொல்லல. இன்னைக்குச் சொல்லுறே. அதனால இது கட்டுன கதைங்கேன்."

"சொன்னேனே சார். பிரபினைப் பிடிச்ச மறுநாளே ஞானதாசன் வக்கீலுட்ட சொன்னேன். போலீசுலயும் போய்ச் சொல்லட்டான்னு கேட்டேன். வாயத் தொறக்காத, கோர்ட்டுல பாத்துக்கிடலாம்னாரு. கோர்ட்டுக்கு வந்தா வாய்தா வாங்கிட்டாரு."

டைப்பிஸ்டின் விரல்கள் நின்றன. அரசு வக்கீலின் முகம் மாறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னார்.

"மறைந்த நண்பருக்க மரியாதைக்காக அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கிடுதேன் யுவர் ஆனர். கேள்வியும் வேண்டாம், பதிலும் வேண்டாம்."

நீதிபதி ஜாஸ்மியைப் பார்த்தார். அதில் இரக்கம்கூட இருந்தது. தலையசைத்தால் போதும், பதில் பதிவாகாது. அப்பா புலியாகவே மண்ணுக்குள் போவார். அடுத்த மாதம் வாதத்தின்போது இதே அரசு வக்கீல் இதே இடத்தில் நின்று, இந்தச் சாட்சி மூன்று வருஷம் ஏன் ஊமையாக இருந்தான் என்று கேட்பார். காட்டுவதற்குப் பதிவில் பதில் இருக்காது. பிரபின் ஆயுள் முழுக்க உள்ளே கிடப்பான்.

"வாபஸ் வாங்கதுக்கு ஆட்சேபணை, யுவர் ஆனர். கேட்டாச்சு, பதிலும் வந்தாச்சு. சாட்சி சொன்ன வார்த்தையிலேயே பதியணும்."

"பேரோடயாம்மா?"

"பேரோட."

டைப்பிஸ்ட் அடித்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தது. "பெத்த அப்பன கூண்டுல ஏத்திட்டாளே."

ஜாஸ்மியும் நேசம்மாளும் பஸ்ஸில் திரும்பினார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது பெட்டியைக் குழிக்குள் இறக்கியிருந்தார்கள். செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. கறுப்புக் கோட்டுகள் அவளுக்கு வழிவிட்டன, தீட்டுக்கு விலகுவதுபோல.

ஒவ்வொருவராகக் குனிந்து ஒரு பிடி மண் போட்டார்கள். நேசம்மாளும் அள்ளினாள். குழியை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கையை விரித்து மண்ணைத் தன் காலடியிலேயே கொட்டினாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள். ஜாஸ்மி அதைப் பார்த்தாள்.

"மக போடட்டும்" என்றார் ஃபாதர்.

ஜாஸ்மி குனிந்து ஒரு பிடி எடுத்தாள். மதியம் பெய்த மழையில் மண் குழைந்திருந்தது. கையை நீட்டி விரித்தாள். விழவில்லை, விரல்களுக்கிடையில் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை உதறினாள். பிறகு இன்னொருமுறை, கொஞ்சம் பலமாக.