பாதி ஈரல்

மஞ்சள் மஞ்சளாய்க் குஞ்சுகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சரிந்து, கீச்சிட்டு, நான் இரண்டு கைகளாலும் அள்ளிப் பெட்டியில் விடுகிறேன், நொண்டியை ஒதுக்கு, தொப்புள் காயாததை ஒதுக்கு என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே போகிறார், ஒதுக்க வேண்டிய குஞ்சு ஒன்று என் உள்ளங்கையில் உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது, அதன் கண்ணும் மஞ்சள், அது என் மகள் சஷ்டிகாவின் கண், இது எம் புள்ளைங்க சார் என்று சொல்ல வாயெடுக்கிறேன், வயிற்றுக்குள் எதுவோ பிடித்து இழுக்கிறது, கண் திறந்தால் பல்லடத்துக் குஞ்சு பொரிக்கும் பண்ணை இல்லை, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கூரை, அசையாதீங்க சேச்சி, தையல் இருக்கு என்கிறாள் லிஜி சிஸ்டர், என் புள்ள எங்க என்று கேட்கிறேன், மேல் மாடியில ஐசியூவில இருக்கா, உங்களத்தான் அவ வயித்துல வெச்சிருக்கு, தூங்குங்க என்கிறாள், மருந்து என்னை மறுபடியும் கீழே இழுத்துப் போகிறது.

உங்களத்தான் வெச்சிருக்கு. என் ஈரலில் ஒரு துண்டை வெட்டி அவளுக்கு வைத்திருக்கிறார்கள், பித்தம் இறங்கக் குழாயே இல்லாமல் பிறந்தவள் அவள், பிறந்த புதிதில் உடம்பு மஞ்சளாய்க் கிடந்தபோது காலை வெயிலில் காட்டு, சரியாப் போயிரும் என்று வளவு வீடுகளில் எல்லோரும் சொன்னார்கள், நான் வாசலில் உட்கார்ந்து வெயில் நகர நகர அவளையும் நகர்த்தினேன், மஞ்சள் போகவில்லை, கைக்குழந்தையிலேயே வயிற்றைத் திறந்து ஏதோ இணைத்துவிட்டார்கள், அது பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் தாங்கியது, பிறகு அரிப்பு வந்தது, பாதத்தைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வர வைப்பாள், அம்மா சொறிஞ்சு விடு, இன்னும் அழுத்தி என்பாள், வயிறு மட்டும் பெருத்துக் கையும் காலும் குச்சியாகி, ஒரு நாள் யூனிபார்ம் மேலேயே ரத்தமாய் வாந்தி எடுத்தாள், ஈரலை மாற்றினால்தான் என்று டாக்டர் அனுராதா சொன்னார், அவள் அப்பா பூபதியின் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது, அதைக் கேட்ட அன்றைக்கு இருந்த சந்தோசம் அவளைப் பெற்ற அன்றைக்குக்கூட எனக்கு இருந்ததில்லை, பஸ்ஸில் வரும்போது வயிற்றின் வலப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே வந்தேன்.

கண்ணைத் திறந்தால் பூபதி நிற்கிறார், பால் வேன் ஓட்டுகிறவர், வழி கேட்டால் ஒரு வளைவு விடாமல் சொல்லுகிறவர், நேற்று வந்தபோது அவளைப் பற்றி அப்படித்தான் சொன்னார், மூக்குல ஒரு கொழா, கழுத்துல ஒண்ணு, வாயில பெரிய கொழா இருக்கறதுனால பேச முடியலயாம், நான் வெரல நீட்டுனேன், புடிச்சுக்கிட்டா, நல்ல புடி, விடவே இல்ல என்று சொல்லிச் சொல்லி அவரே சிரித்தார். இன்றைக்கு, அவ நல்லாருக்கா என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார், என் கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தார், மடித்ததைப் பிரித்து இன்னொரு தரம் மடித்தார், வெரலப் புடிச்சாளா என்று கேட்டேன், புடிச்சா என்றார் போர்வையைப் பார்த்து, லிஜி சிஸ்டர் என் சலைன் பாட்டிலைத் தட்டிக்கொண்டிருந்தவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனாள், அந்தப் பார்வையில் எனக்குத் தூக்கம், மருந்து, பண்ணை, குஞ்சு எல்லாம் கலைந்துவிட்டன. ஏனுங்க, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஸ்கேன் பண்ணுனாங்க புள்ள, ஈரலுக்கு ரத்தம் போற கொழாயில அடைப்பாம், சொட்டு ரத்தம் போகலையாம், மறுக்கா தியேட்டருக்கு எடுத்துட்டுப் போறாங்க, உங்கிட்டச் சொல்ல வேண்டாமுன்னு நான்தான் சொன்னேன்.

என்னை அவ கிட்டக் கூட்டிக்கிட்டுப் போங்க என்றேன், இந்த நெலமயில எப்படிப் புள்ள என்றார், நான் வலது கையை ஊன்றி எழ ஆரம்பித்தேன், அந்த வலியைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, பிள்ளை பெற்ற வலிக்கு ஒரு முடிவு உண்டு, இதற்கு விளிம்பே தெரியவில்லை, லிஜி சிஸ்டர் ஓடிவந்து திட்டினாள், திட்டிக்கொண்டே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தாள், லிப்ட் கதவு திறக்கும்போதே எதிரில் கட்டில் உருண்டு வருகிறது, இவ்வளவு பெரிய கட்டிலில் இவ்வளவு சின்ன உடம்பு, நாலு பேர் தள்ளுகிறார்கள், முகம் தெரியவில்லை, கால் மட்டும் வெளியே தெரிகிறது, சொறிந்து காய்ப்பேறிய அந்தப் பாதத்தைத் தொட்டேன், சில்லென்றிருந்தது, கட்டில் நிற்கவில்லை, டாக்டர் அனுராதா மட்டும் என் பக்கத்தில் நின்றார், முகக்கவசத்தை இறக்கினார், அடைப்ப எடுத்துட்டுத் திரும்ப இணைக்கப் போறோம்மா, தலைமுடி மாதிரி நூல், நேரம் ஆகும் என்றார், அது ஆகலீனா எங்கிட்ட இன்னொரு துண்டு எடுத்துக்குங்க டாக்டர் என்றேன், அவர் குனிந்து என் கையைப் பிடித்தார், ஒரு தடவதாம்மா குடுக்க முடியும், நீங்க குடுத்துட்டீங்க என்றார், கதவு மூடிக்கொண்டது.

மூடின கதவு. பண்ணையில் ஒரு தடவை கரண்டும் போய் ஜெனரேட்டரும் நின்றுவிட்டது, அத்தனை முட்டைகளும் பொரிகிற தறுவாயில் உள்ளே, ஒரே ஒரு தடவை திறந்து பாக்கறேனுங்க என்று நான் கைப்பிடியில் கை வைத்தேன், தொடாத, தொறந்தா இருக்கற சூடும் போயிரும் என்றார் சூப்பர்வைசர், நாங்கள் எல்லோரும் வெளியே நின்று கண்ணாடிக்குள் தெரிந்த டிகிரி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம், அது இறங்குகிறது, இதோ இறங்குகிறது, இந்தக் கதவில் முள்கூட இல்லை, ஒரு சிவப்பு விளக்கு, மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்து நகர்கிறது, நான் நகர்த்தப் பிள்ளை இல்லை, எதுக்குங்க எங்கிட்ட மறச்சீங்க என்று கேட்டேன், பூபதி சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே, அன்னிக்கு உன்ன ஒரு கதவுல அனுப்பிச்சேன், அவள ஒரு கதவுல அனுப்பிச்சேன், ரெண்டுக்கும் நடுவுல நான் ஒருத்தன் நின்னேன், எந்தப் பக்கம் பாக்கறதுன்னு தெரியல, இன்னிக்கு நீ ஒருத்தியாவது தூங்கட்டுமேன்னு பாத்தேன் என்றார், நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன், அதில் புளித்த பால் வாசனை, கல்யாணமான புதிதில் எனக்குப் பிடிக்காத வாசனை, நாற்காலியில் தலை சாய்ந்ததும் குஞ்சுகள் மறுபடி வந்தன, ஒன்றும் கத்தவில்லை, அலகைத் திறந்து திறந்து மூடின, சத்தம் வரவில்லை, எழுந்திரு புள்ள, டாக்டரு வாராங்க என்றது பூபதியின் குரல்.

டாக்டர் அனுராதாவின் நெற்றியில் தொப்பி அழுத்தின கோடு சிவப்பாய் இருந்தது, ரத்தம் ஓடுதும்மா என்றார், இப்போ ஓடுது, நாளைக்கும் ஓடணும், நாளான்னைக்கும் ஓடணும், அப்பத்தான் நான் சிரிப்பேன். அந்த நாட்களை நான் காதால்தான் வாழ்ந்தேன், என் கட்டிலை மறந்துவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருப்பேன், ஸ்கேன் பண்ணுகிற பையன் மருந்துப் பசையைத் தடவி, கருவியை அவள் வயிற்றில் வைத்துத் தேடுவான், ஒன்றும் கேட்காது, அவன் இன்னும் கொஞ்சம் சாய்ப்பான், ஒன்றும் கேட்காது, என் மூச்சும் நிற்கும், பிறகு உஸ், உஸ், உஸ் என்று வாய்க்கால் மடையில் தண்ணீர் பாய்வது போல வரும், என் ஈரலுக்குள் அவள் ரத்தம், அவன் போன பிறகும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன், தூங்கினால் நின்றுவிடுமோ என்று தூங்காமல் கேட்பேன், ஒரு நாள் ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் அனுராதா திரையைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், பூபதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாயிலிருந்த குழாயை எடுத்தார்கள், வார்டுக்கு மாற்றினார்கள், சஷ்டிகா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணு என்றேன், திரும்பவில்லை, சாமி என்றேன், ஊஹும். தண்ணீரை அப்பா கையால் குடித்தாள், மருந்தை சிஸ்டர் கையால் குடித்தாள், நான் இட்லியைப் பிட்டு நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள், அப்படியே இரண்டு நாள், அம்மாகிட்டப் பேசு சாமி என்று பூபதி கெஞ்சியபோது சுவரைப் பார்த்தே சொன்னாள், நான் மொத தடவ முழிச்சப்ப அம்மா இல்ல, இருக்கறேன்னு சொல்லுச்சு, இல்ல. ஆமாம், தியேட்டருக்குப் போகும் முன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாள், கண்ணு முழிச்சா நீ இருக்கோணும் என்று, இருப்பேன் என்றேன், கீழ் மாடியில் நானும் கட்டுப்போட்டுக் கிடப்பேன் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது.

மூன்றாம் நாள் காலையில் நான் ஜன்னல் திரையை விலக்க எழுந்தேன், ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தேன், பின்னாலிருந்து குரல் வந்தது, ஏம்மா கெழவியாட்ட நடக்கற. நான் திரும்பினேன், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நைட்டியின் பொத்தான்களைக் கழற்றி வயிற்றில் போட்டிருந்த கட்டைக் காட்டினேன், அவள் பார்த்தாள், தன் வயிற்றுக் கட்டைப் பார்த்தாள், உனக்கும் வெட்டுனாங்களா. ஆமா சாமி, எங்கிட்ட இருந்து எடுத்துத்தான் உனக்கு வெச்சாங்க, அதுனாலதான் நீ முழிச்சப்ப அம்மானால வர முடியல. வலிக்குதா என்றாள். வலிக்குது என்றேன். அவள் கை மெதுவாகத் தன் கட்டின் மேல் போய், அதை மூடிக்கொண்டது, மறுக்கா திருப்பிக் கேப்பியா என்றாள். கேக்கவே மாட்டேன் சாமி, அது உன்றதுதான், நீயே வெச்சுக்க என்றேன், அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள், நான் சொல்வது நிஜமா என்று பார்த்தாள், பிறகு குழாய்களை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கட்டிலில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, என் உடம்புக்கு இடம் விட்டாள்.